சட்டமும் இல்லமும்: டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அம்மையார்

1930ஆம் ஆண்டில் ஒருநாள், சென்னையில் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அம்மையாரின் வீட்டு வாயிலில் இளம்பெண்கள் மூவர் வந்து நின்றனர். தேவதாசிக் குலத்தில் பிறந்த அவர்கள், பொட்டுக்கட்டும் வழக்கத்திற்கு உட்படாமல் கல்வி கற்க விரும்பினர். மாணவியர் விடுதிகளோ அவர்தம் பிறப்பைக் காரணம் காட்டி இடம்தர மறுத்துவிட்டன. அவ்வழக்கத்தை ஒழிக்கச் சட்டமன்றத்தில் வாதாடி வந்த அம்மையார், சட்டம் விடுவிக்கும் பெண்ணுக்குத் தங்க ஓர் இடம் வேண்டும் என்பதை அன்று கண்ணெதிரே கண்டார். தம் வீட்டிலேயே அவர்களை ஏற்றுக்கொண்டார். ஔவை இல்லம் இவ்வாறு தோன்றியது.

அம்மையார் 1886ஆம் ஆண்டு ஜூலை 30ஆம் நாள் புதுக்கோட்டையில் பிறந்தார். தந்தையார் நாராயணசாமி ஐயர் கல்வியாளர். தாயார் சந்திரம்மாள் தேவதாசி மரபில் வந்தவர். அத்திருமணத்தால் உறவினரின் புறக்கணிப்புக்கு ஆளானபோதும், தந்தையார் மகளின் கல்வியைக் கைவிடவில்லை. ஆடவர் மட்டுமே பயின்ற மகாராஜா கல்லூரியில் அவரைச் சேர்ப்பதற்கு எதிர்ப்பு எழுந்தது. மன்னர் மார்த்தாண்ட பைரவத் தொண்டைமானின் அனுமதியால் கதவு திறந்தது. 1907இல் சென்னை மருத்துவக் கல்லூரியிற் சேர்ந்து, 1912இல் மருத்துவப் பட்டம் பெற்றார். 1914இல் டாக்டர் சுந்தர ரெட்டியை மணந்தபோது, தம்மைச் சமமாக நடத்த வேண்டும், தம் பணிக்குத் தடையாகலாகாது என்ற உறுதியைப் பெற்ற பின்னரே இசைந்தார்.

இந்திய மாதர் சங்கத்தின் முயற்சியால் சென்னைச் சட்டமன்ற மேலவைக்கு நியமிக்கப்பெற்று, 1927இல் அதன் துணைத் தலைவராக ஒருமனதாகத் தேர்வு பெற்றார். பெண்கள், குழந்தைகளுக்கான மருத்துவ வசதி, பெண்கல்வி, திருமண வயதை உயர்த்துதல் ஆகியவற்றுக்காக அவையில் குரல் கொடுத்தார். அவற்றுள் தேவதாசி முறை ஒழிப்பே பெரும் போராட்டமாயிற்று. கலையும் சமயமும் அழியும் என்றனர் சிலர். எஸ்.சத்தியமூர்த்தி போன்ற தேசியத் தலைவர்களும் எதிர்த்தனர்.

அம்மரபைச் சேர்ந்த பெண்களிலும் ஒரு சாரார் தங்கள் வாழ்வாதாரம் பறிபோகும் என்று அஞ்சி விண்ணப்பங்கள் அளித்தனர். அவ்வச்சம் பொருளற்றதன்று. கோயிற்பணிக்கு ஈடாக வழங்கப்பெற்ற இனாம் நிலமே பல குடும்பங்களுக்குச் சோறிட்டது. எனவே, 1929இல் அம்மையார் கொண்டுவந்த இந்து அறநிலையச் சட்டத் திருத்தம், பணியிலிருந்து விடுபட்ட பின்னும் நிலம் அப்பெண்களிடமே தங்க வழிசெய்தது. வழக்கத்தை அகற்றுமுன் வயிற்றுக்கு வழி காட்டிய முறை இது. மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் போன்றோர் அக்குலத்தினுள்ளிருந்தே துணைநின்றனர்.

சிறுமியரைக் கோயிலுக்கு நேர்ந்துவிடுதலையே தடைசெய்யும் மசோதாவை 1930இல் முன்வைத்தார். அவ்வாண்டே உப்புச் சத்தியாக்கிரகத்தில் காந்தியடிகள் கைதானதைக் கண்டித்துத் தம் பதவியைத் துறந்தார். மசோதா நிறைவேறப் பதினேழு ஆண்டுகள் ஆயின. ஓமந்தூர் இராமசாமி ரெட்டியார் முதலமைச்சராக இருந்த 1947இல்தான் அது சட்டமாயிற்று. அந்த நெடிய இடைக்காலத்தில் ஆதரவற்ற பெண்களுக்குச் சட்டம் அளிக்காத பாதுகாப்பை ஔவை இல்லம் அளித்தது. சாதி, குலம் பாராமல் பெண்களை ஏற்றுக் கல்வியும் தொழிற்பயிற்சியும் தந்தது. பின்னர் அடையாற்றில் நிலைபெற்றுப் பள்ளிகளோடு வளர்ந்தது.

மற்றொரு துயரம் அம்மையாரின் குடும்பத்திலேயே நேர்ந்தது. அவருடைய தங்கை புற்றுநோயால் இளவயதில் மறைந்தார். மருத்துவராக இருந்தும் காக்க இயலாத வேதனை அவரைவிட்டு அகலவில்லை. புற்றுநோயாளர் பிழைப்பது அரிது, அவர்களுக்குத் தனி மருத்துவமனை எதற்கு என்ற எண்ணம் ஆட்சியாளரிடையேயும் நிலவிய காலம் அது. அம்மையார் பொதுமக்களிடம் நிதி திரட்டினார். 1952இல் பிரதமர் நேரு அடிக்கல் நாட்ட, 1954இல் அடையாறு புற்றுநோய் மருத்துவமனை பன்னிரண்டே படுக்கைகளுடன் தொடங்கியது. மகன் டாக்டர் கிருஷ்ணமூர்த்தியும், 1955இல் வந்து சேர்ந்த டாக்டர் சாந்தாவும் அதனை வளர்த்தெடுத்தனர். ஏழை எளியோர் நாடு முழுவதிலுமிருந்து நாடிவரும் நிலையமாக அது உயர்ந்தது.

1956இல் பத்மபூஷண் விருது பெற்ற அம்மையார், 1968ஆம் ஆண்டு ஜூலை 22ஆம் நாள் இயற்கை எய்தினார். தமிழக அரசின் மகப்பேறு நிதியுதவித் திட்டம் இன்றும் அவர் பெயரால் வழங்குகிறது. தறியோசை கேட்கும் ஆர்.கே.பேட்டையில் ஆரம்ப சுகாதார நிலையத்திற்குச் சென்று பெயரைப் பதிவுசெய்யும் கர்ப்பிணியும் அப்பெயரை அறிந்திருப்பார். அப்பெயருக்குரியவரோ, கல்லூரி வாயிலில் பிறப்பைக் காட்டித் தடுக்கப்பட்ட ஒரு சிறுமியாகத் தம் வாழ்வைத் தொடங்கியவர். தமக்கு ஒருகாலத்தில் அடைத்திருந்த கதவைத் தாம் கடந்ததோடு அவர் அமையவில்லை. தம் வீட்டுக் கதவைப் பிறருக்குத் திறந்துவைத்தார். ஆதரவு தேடி நம் வாயிலில் நிற்கும் பிள்ளையின் குலத்தை வினவுமுன், அவர் செய்ததை நினைவுகூர்வது நம் கடன்.