ஜும்ஆ உரை: சுட மறுத்த சிப்பாய்



எல்லாப் புகழும் அல்லாஹ்வுக்கே. ஸலவாத்தும் ஸலாமும் நம் உயிரினும் மேலான நபி (ஸல்) அவர்கள் மீதும், அவர்களின் குடும்பத்தார் மீதும், தோழர்கள் மீதும் உண்டாவதாக.

கண்ணியத்திற்குரிய சகோதரர்களே! சேலத்திலும் நாமக்கல்லிலும் நம் பிள்ளைகள் பலர் காவலர் தேர்வுக்குத் தயாராகிறார்கள். சுபுஹு தொழுதுவிட்டு மைதானத்தில் ஓடுகிறார்கள். கயிறு ஏறிப் பழகுகிறார்கள். அரசு வேலை, மாதச் சம்பளம் என்பதற்காக மட்டும் அவர்கள் இதை விரும்பவில்லை. அநியாயத்தைத் தடுக்க வேண்டும், எளியவனுக்குத் துணை நிற்க வேண்டும் என்ற நிய்யத்தும் இருக்கிறது. அதே பிள்ளைகளின் உள்ளத்தில் ஒரு பயமும் இருக்கிறது. நாளை துப்பாக்கியைக் கையில் கொடுத்து ஒருவரைச் சுடச் சொன்னால் என்ன செய்வது? மறுமையில் அந்த உயிர் என் முன்னால் வந்து நின்றால் என்ன பதில் சொல்வது?

அந்தப் பயத்தைக் கோழைத்தனம் என்று எண்ணிவிடாதீர்கள். நியாயமின்றி ஓர் உயிரைப் பறிப்பது மனித குலம் முழுவதையும் அழிப்பதற்குச் சமம், ஓர் உயிரைக் காப்பது அனைவரையும் காப்பதற்குச் சமம் என்பதே சூரத்துல் மாயிதாவின் 32ஆம் வசனம் தரும் பாடம். இதை ஓதி வளர்ந்த பிள்ளைக்கு அந்தப் பயம் வராவிட்டால்தான் நாம் கவலைப்பட வேண்டும்.

இன்று ஒரு மனிதரின் வாழ்க்கையை உங்களுக்குச் சொல்கிறேன். அவர் முஸ்லிம் அல்லர். நம் பகுதிக்காரரும் அல்லர். இமயமலைச் சாரலில் உள்ள கர்வால் பகுதியின் இந்துக் குடும்பத்தில் பிறந்தவர். பெயர் சந்திர சிங். பின்னாளில் நாடு அவரைச் சந்திர சிங் கர்வாலி என்று அழைத்தது. அவர் ராணுவச் சிப்பாய்தான். ஆனால் அவரை வரலாற்றில் நிறுத்திய நாளில் அவருடைய படைக்குக் கொடுக்கப்பட்டது காவல்துறையின் வேலை: தெருவில் கூடிய மக்களைக் கலைப்பது.

1891ஆம் ஆண்டு டிசம்பரில் பிறந்தார். 1914இல் கர்வால் ரைபிள்ஸ் படையில் சேர்ந்தார். முதல் உலகப் போரில் பிரான்சுக்கும், பிறகு இன்றைய இராக்கான மெசபடோமியாவுக்கும் அனுப்பப்பட்டார். போர்க்களத்தில் பின்வாங்காதவர். துப்பாக்கிக்கோ மரணத்துக்கோ அஞ்சி ஒதுங்கியவர் என்று அவரை யாரும் சொல்ல முடியாது. படிப்படியாக உயர்ந்து ஹவில்தார் மேஜர் ஆனார்.

1930இல் அவருடைய பட்டாலியன் பெஷாவரில் இருந்தது. உப்புச் சத்தியாகிரகம் நாடெங்கும் பரவிய நேரம். எல்லைப்புறத்தில் கான் அப்துல் கஃபார் கான் அவர்கள் குதாயி கித்மத்கார், அதாவது இறைவனின் ஊழியர்கள் என்ற இயக்கத்தை நடத்தி வந்தார். பழிக்குப் பழி வாங்குவதற்குப் பெயர் போன பட்டாணியரை, யாரையும் தாக்க மாட்டோம் என்று சத்தியம் செய்ய வைத்த இயக்கம் அது.

பட்டாணியர் இந்துக்களைக் கொடுமைப்படுத்துகிறார்கள், அதைத் தடுக்கத்தான் நீங்கள் வந்திருக்கிறீர்கள் என்று வெள்ளை அதிகாரிகள் கர்வாலி வீரர்களுக்குச் சொல்லிக் கொடுத்ததாக அவருடைய வரலாற்றை எழுதியவர்கள் குறிப்பிடுகிறார்கள். சந்திர சிங் அதை நம்பவில்லை. இது மதச்சண்டை இல்லை, ஆட்சியாளர்களுக்கும் மக்களுக்கும் இடையிலான விவகாரம் என்று தம் வீரர்களுக்கு இரவில் எடுத்துச் சொன்னார். இந்த இடத்தைக் கவனியுங்கள். கட்டளை வருவதற்கு முன்பே, எதைச் செய்யக்கூடாது என்று அவர் முடிவு செய்துவிட்டார். துப்பாக்கியைத் தூக்கிய பிறகு யோசிக்க நேரம் கிடைக்காது.

1930 ஏப்ரல் 23. தலைவர்கள் கைதானதைக் கண்டித்து பெஷாவரின் கிஸ்ஸா குவானி பஜாரில் மக்கள் திரண்டார்கள். கவச வண்டிகள் கூட்டத்துக்குள் பாய்ந்தன; சிலர் சக்கரத்தில் சிக்கி இறந்தார்கள். கர்வாலி வீரர்களுக்கு முன்னால் நின்றவர்கள் ஆயுதம் இல்லாத பட்டாணியர்கள். சுடும்படி அதிகாரி கட்டளையிட்டார். சந்திர சிங் சுட வேண்டாம் என்று தம் வீரர்களுக்குக் குரல் கொடுத்தார். துப்பாக்கிகள் தாழ்ந்தன.

அன்று வேறு படைகள் சுட்டன. இறந்தவர்களின் எண்ணிக்கையில் அரசு சொன்னதற்கும் காங்கிரஸ் சொன்னதற்கும் பெரும் வித்தியாசம் உண்டு. எப்படியானாலும் அந்தக் கடைத்தெருவில் ரத்தம் ஓடியது. அந்த ரத்தத்தில் கர்வாலிகளுக்குப் பங்கில்லை. மறுநாள் மீண்டும் நகருக்குள் போகச் சொன்னபோது அறுபதுக்கும் மேற்பட்ட வீரர்கள் மறுத்துவிட்டார்கள்.

அவர்கள் தப்பி ஓடவில்லை. அதிகாரிகள் மீது துப்பாக்கியைத் திருப்பவும் இல்லை. அபோட்டாபாத்தில் ராணுவ நீதிமன்றத்தின் முன் நின்றார்கள். பாரிஸ்டர் முகுந்தி லால் அவர்களுக்காக வாதாடினார். மரண தண்டனை கிடைக்கும் என்ற அச்சம் இருந்தது. சந்திர சிங்குக்கு ஆயுள் தண்டனை கிடைத்தது. சொத்துகள் பறிமுதலாயின. 11 ஆண்டுகளுக்கு மேல் பல சிறைகளில் இருந்து, 1941 செப்டம்பரில் வெளியே வந்தார். வெள்ளையனே வெளியேறு போராட்டத்தில் மீண்டும் சிறை சென்றார். 1979 அக்டோபர் 1 அன்று காலமானார். 1994இல் இந்திய அரசு அவருக்கு அஞ்சல் தலை வெளியிட்டது. அந்தக் கௌரவத்தைப் பார்க்க அவர் உயிரோடு இல்லை.

சகோதரர்களே! நன்மை செய்பவனை எல்லாரும் புகழ்ந்துவிடுவார்கள் என்று எண்ணாதீர்கள். ஒரு பிரெஞ்சுப் பத்திரிகையாளர் கேட்டபோது, காந்தியடிகளே அந்த வீரர்களின் செயலை ஏற்றுக்கொள்ளவில்லை. பணிந்து நடப்பதாகச் சத்தியம் செய்த சிப்பாய் கட்டளையை மீறினால் அது சத்தியத்தை மீறுவதுதான் என்பது அவர் கருத்து. இதை நாம் லேசாகத் தள்ளிவிட முடியாது. நம் மார்க்கத்திலும் சத்தியம் ஓர் அமானத். ஆனால் படைத்தவனுக்கு மாறு செய்யும்படி படைப்பு சொன்னால் அதற்குக் கீழ்ப்படிதல் கிடையாது என்பது நம் அடிப்படை. சத்தியத்துக்கு ஓர் எல்லை உண்டு. அந்த எல்லையில் நிற்பவன் விலையையும் தானே கொடுக்க வேண்டும். சந்திர சிங் கொடுத்தார்.

நம் வரலாற்றிலும் இதற்கு முன்மாதிரி உண்டு. முஹம்மது பின் மஸ்லமா (ரலி) அவர்கள் பத்ரில் வாளேந்தியவர்கள். உமர் (ரலி) அவர்களின் ஆட்சியில் ஆளுநர்கள் மீது புகார் வந்தால் விசாரிக்க அனுப்பப்பட்டவர்கள். பின்னாளில் முஸ்லிம்கள் தமக்குள் வாளுருவிய குழப்பக் காலத்தில், தம் வாளை உடைத்துவிட்டு மரவாளை வைத்துக்கொண்டு ஒதுங்கி வாழ்ந்தார்கள். வாளை எடுக்கத் தெரிந்த அவர்களுக்கு, எங்கே வைக்க வேண்டும் என்பதும் தெரிந்திருந்தது.

நம் மண்ணையும் நினைத்துப் பாருங்கள். 1950 பிப்ரவரி 11 அன்று இதே சேலம் மத்திய சிறையில் நடந்த துப்பாக்கிச் சூட்டில் 22 கைதிகள் இறந்தார்கள். சிறைச் சுவருக்குள் இருந்தவர்கள் எங்கே ஓடிவிட முடியும்? சீருடைக்குள் உயிருக்கு அஞ்சும் மனம் இல்லாவிட்டால் என்ன நடக்கும் என்பதைச் சேலம் கண்டிருக்கிறது.

எனவே காவல் பணிக்குப் போக விரும்பும் தம்பிகளே, மூன்று விஷயங்களை மனதில் வையுங்கள்.

ஒன்று, சட்டத்தைப் படியுங்கள். கூட்டத்தைக் கலைப்பதற்கும் கைது செய்வதற்கும் எவ்வளவு பலம் பயன்படுத்தலாம் என்பதற்குப் பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டமும் எல்லை வைத்தது, 2024 ஜூலை முதல் நடப்பில் உள்ள புதிய சட்டமும் வைத்திருக்கிறது. மேலதிகாரி சொன்னார் என்பது எல்லா நேரத்திலும் உங்களைக் காப்பாற்றாது. இங்கேயே காப்பாற்றாதது, மறுமையில் எப்படிக் காப்பாற்றும்?

இரண்டு, பயத்தைச் சாக்காக்காதீர்கள். கண் முன்னே ஒருவன் அரிவாளோடு ஒரு குழந்தையின் மேல் பாயும்போது, என் கையால் உயிர் போகக்கூடாது என்று ஒதுங்கி நின்றால் அந்தக் குழந்தைக்கு யார் பதில் சொல்வது? வேறு வழியே இல்லாதபோது, தேவையான அளவு மட்டும் பலம் பயன்படுத்தி உயிரைக் காப்பது உங்கள் பொறுப்பு.

மூன்று, துப்பாக்கியை மட்டும் நினைத்துப் பயப்படாதீர்கள். பல காவலர்களுக்குப் பணிக்காலம் முழுவதும் ஒருவரைச் சுடும் நிலை வருவதில்லை. ஆனால் லத்தி தினமும் கையில் இருக்கும். 2020 ஜூனில் சாத்தான்குளத்தில் ஒரு தந்தையும் மகனும் காவலில் தாக்கப்பட்டு இறந்தது துப்பாக்கியால் இல்லை. அதே நிலையத்தில் பணியாற்றிய ஒரு பெண் தலைமைக் காவலர், கூடப் பணியாற்றியவர்களைப் பற்றிய அச்சத்துக்கு நடுவிலும், தாம் கண்டதை நீதித்துறை நடுவரிடம் சொன்னார். அவரும் காக்கி அணிந்தவர்தான்.

ஓர் உயிரைப் பறித்துவிடுவோமோ என்று நடுங்கும் கை காவல்துறைக்குத் தேவை. அப்படிப்பட்ட பிள்ளைகள் எல்லாரும் விலகி நின்றால், நடுங்காத கைகளிடம்தான் துப்பாக்கி போய்ச் சேரும். போங்கள், எழுதுங்கள், ஓடுங்கள், தேர்ச்சி பெறுங்கள். அந்தப் பயத்தையும் சீருடையோடு சேர்த்து அணிந்துகொள்ளுங்கள்.

யா அல்லாஹ்! எங்கள் பிள்ளைகளை நீதியின் காவலர்களாக ஆக்குவாயாக. அநியாயமாக ஓர் உயிரைத் தீண்டுவதிலிருந்து அவர்களின் கைகளைக் காப்பாயாக. மறுக்க வேண்டிய நேரத்தில் மறுக்கும் துணிவையும், காக்க வேண்டிய நேரத்தில் காக்கும் வலிமையையும் தருவாயாக. ஆமீன், யா ரப்பல் ஆலமீன்.