பென்ட்லி என்னும் எஞ்சின் மேதை

2019ஆம் ஆண்டில் டொயோட்டா நிறுவனம் தன் புகழ்பெற்ற சூப்ரா காரைப் புதுப்பித்து வெளியிட்டபோது, அதன் மூடியைத் திறந்து பார்த்தவர்கள் திகைத்தார்கள். உள்ளே இருந்த ஆறு சிலிண்டர் எஞ்சின் ஜெர்மனியின் பி.எம்.டபிள்யூ நிறுவனத்தினுடையது! தில்லியில் எங்கள் விடுதியில் கார்ப் பித்துக் கொண்ட நண்பர்கள் சிலர் இதைப் பற்றி இன்றும் வழக்காடுகிறார்கள். பழைய சூப்ராவின் எஞ்சினே எஞ்சின் என்பார் ஒருவர். எஞ்சினை மாற்றிய பிறகு அது அதே கார்தானா என்று கேட்பார் இன்னொருவர். இயற்பியல் மாணவன் என்ற ஒரே குற்றத்திற்காக என்னை நடுவராக உட்கார வைப்பார்கள். நண்பர்களே, இவ்வழக்கு புதியதன்று. ஒருவருடைய வாழ்நாளே இவ்வழக்கில் கழிந்திருக்கிறது. அவர்தாம் வால்ட்டர் ஓவன் பென்ட்லி.

பென்ட்லி என்றதும் பெருஞ்செல்வர் வீட்டு வாயிலில் நிற்கும் கார் நம் நினைவுக்கு வரும். 1964இல் ஸ்டேட்ஸ்மன் நாளிதழ் தில்லியில் தொடங்கிய பழங்கார் அணிவகுப்பைக் கண்டவர்கள் அப்பெயரை அறிவார்கள். ஆனால் அப்பெயருக்கு உரியவரே அதைத் தம் எஞ்சினுக்கு வைக்கக் கூடாதென்று தடுக்கப்பட்டார் என்பதை அறிந்தவர் மிகச் சிலரே.

அவர் 1888ஆம் ஆண்டு செப்டம்பர் 16ஆம் நாள் இலண்டனில், ஒன்பது குழந்தைகளில் கடைக்குட்டியாகப் பிறந்தார். பதினாறாம் வயதில் பள்ளியை விட்டு, டான்காஸ்டரில் இருந்த புகைவண்டித் தொழிற்சாலையில் ஐந்தாண்டுகள் தொழில் பழகினார். புகைவண்டி எஞ்சினின் உலையில் கரி அள்ளிப் போடும் வேலையும் செய்தார். அந்த இரும்பு யானைகளின் மீது அவர் கொண்ட காதல் கடைசி வரை மாறவில்லை; அதன் சுவட்டைப் பின்னால் ஓர் இடத்தில் காண்போம். பிறகு மோட்டார் சைக்கிள் பந்தயங்களில் ஓடினார். வாடகைக் கார் நிறுவனம் ஒன்றில் வேலை பார்த்தார். 1912இல் தம் தமையனாருடன் சேர்ந்து டி.எப்.பி. என்னும் பிரெஞ்சுக் கார்களை விற்கத் தொடங்கினார்.

1913இல் பிரான்சிலுள்ள அத்தொழிற்சாலைக்குச் சென்றபோது, மேசை மேல் காகிதங்கள் பறக்காமல் இருக்க வைத்திருந்த ஒரு சிறு பொருள் அவர் கண்ணில் பட்டது. பிஸ்டன் வடிவில் அலுமினியத்தால் செய்யப்பட்ட விளையாட்டுப் பொருள் அது. உண்மையான பிஸ்டனையே அலுமினியத்தில் செய்தால் என்ன? அக்காலத்தில் பிஸ்டன்கள் கனத்த இரும்பால் ஆனவை. நூற்றுக்கு 12 பங்கு செம்பு கலந்த அலுமினியத்தில் செய்து பார்த்தார், சாதாரண டி.எப்.பி. கார் புரூக்லண்ட்ஸ் பந்தயத் திடலில் சாதனைகளை நிலைநாட்டியது. முதல் உலகப் போர் மூண்டதும் இச்செய்தியை அரசாங்கத்திடமும் விமான எஞ்சின் செய்வோரிடமும் எடுத்துச் சென்றார். பி.ஆர். 1, பி.ஆர். 2 என்ற விமான எஞ்சின்களும் அவர் வடித்தவையே.

போர் முடிந்த பின், 1919இல் தம் பெயராலேயே நிறுவனம் தொடங்கினார். முதல் கார் மூன்று லிட்டர் கொள்ளளவுள்ள நான்கு சிலிண்டர் கார். 1924இல் பிரான்சில் லெமான் என்னும் இடத்தில் நடந்த 24 மணி நேரப் பந்தயத்தில் அது வென்றது. வாங்கிய செல்வர்களோ அதன் மேல் அரண்மனை போன்ற கனமான உடல்களைக் கட்டிக்கொண்டார்கள். பந்தயக் குதிரைக்குப் பார வண்டி பூட்டியது போல் ஆயிற்று. அப்போதுதான் அவர் ஆறு சிலிண்டரை நாடினார்.

ஏன் ஆறு? நான்கு சிலிண்டர் எஞ்சினில் தண்டு அரைச் சுற்றுச் சுற்றும்போது ஒருமுறை வெடிப்பு நிகழும். ஆறில், மூன்றில் ஒரு சுற்றுக்கு ஒருமுறை. உரலில் இருவர் மாற்றி மாற்றி உலக்கை போடுவதற்கும் மூவர் போடுவதற்கும் உள்ள வேறுபாடு இது; மூவர் போட்டால் இடைவெளி குறையும். வேறொரு நுட்பமும் உண்டு. பிஸ்டன் தன் ஓட்டத்தின் மேற்பாதியைக் கீழ்ப்பாதியைவிட விரைவாகக் கடக்கிறது. அதனால் நான்கு சிலிண்டரில் இரண்டு ஏறி இரண்டு இறங்கினாலும் விசைகள் முற்றும் ஈடாவதில்லை. சுற்றுக்கு இருமுறை எஞ்சின் மேலும் கீழும் அதிரும். வரிசையாக நிற்கும் ஆறில் இவ்விசைகள் ஒன்றையொன்று முழுவதும் அழித்துக்கொள்கின்றன. கணக்கைத் தாளில் போட்டுப் பார்த்தால் எல்லாம் சுழியாக வருவதைக் கண்டு மகிழலாம். ஆனால் இதற்கு விலை உண்டு. எஞ்சின் நீளும், கனம் முன் சக்கரங்களில் ஏறும், நீண்ட தண்டு முறுக்கிக்கொள்ள இடம் தரும்.

பென்ட்லியின் முதல் ஆறு சிலிண்டர் எஞ்சின் நாலேகால் லிட்டர். ஒவ்வொரு சிலிண்டரும் 80 மில்லிமீட்டர் அகலம், பிஸ்டன் ஓட்டம் 140 மில்லிமீட்டர். 1924இல் அதைச் சோதித்துக்கொண்டு பிரான்சில் வருகையில், சாலைச் சந்திப்பில் ரோல்ஸ்-ராய்ஸ் நிறுவனத்தாரும் தம் புதுக் காரை மறைவாகச் சோதித்துக்கொண்டு எதிர்ப்பட்டார்கள். இரண்டும் போட்டி போட்டு ஓடின. ஒன்றை ஒன்று விஞ்சவில்லை. பென்ட்லிக்கு அது போதவில்லை. ஊர் திரும்பியதும் சிலிண்டர் அகலத்தை 80இலிருந்து 100 ஆக்கினார். கொள்ளளவு ஏறத்தாழ ஆறரை லிட்டர் ஆயிற்று. அகலத்தின் இருமடிப்படி கொள்ளளவு பெருகும் என்ற பள்ளிப்பாடம்தான்! அந்த எஞ்சினின் தலைமேல் இருந்த தண்டைச் சுழற்ற, சங்கிலிக்கும் பற்சக்கரத்துக்கும் பதில் மூன்று இணைப்புக் கம்பிகளை வைத்தார். புகைவண்டிச் சக்கரங்களைப் பூட்டும் கம்பிகளின் மறுபிறவி அவை. ஓசையின்றி ஓடின.

இங்கே ஒப்பிட்டுப் பார்க்க நல்ல வாய்ப்பு ஒன்றிருக்கிறது. அவருடைய நாலரை லிட்டர் காரும் அதே 100க்கு 140 அளவுள்ள சிலிண்டர்களே கொண்டது. ஆனால் ஆறுக்குப் பதில் நான்கு. அதன் திறன் 110 குதிரைத் திறன். ஆறு சிலிண்டர் ஸ்பீடு சிக்ஸ் 180. டிம் பிர்க்கின் என்ற பந்தய வீரர், நான்குக்கே காற்றை அழுத்தி ஊட்டும் கருவியைப் பூட்டினால் ஆறை வெல்லலாம் என்றார். பந்தய வடிவில் அது 240 குதிரைத் திறனைத் தொட்டது. பென்ட்லி அதை வெறுத்தார். திறன் வேண்டுமானால் எஞ்சினைப் பெரிதாக்கு, வற்புறுத்தி ஊட்டாதே என்பது அவர் கொள்கை. 1930 லெமானில் காற்றூட்டிய கார்கள் முடிவைக் காணவில்லை. ஸ்பீடு சிக்ஸ் கார்கள் முதலிடமும் இரண்டாமிடமும் பெற்றன. முந்திய ஆண்டும் ஸ்பீடு சிக்ஸே வென்றிருந்தது. இன்று பல கார்களில் காற்றூட்டும் கருவி இருக்கிறது. ஆகவே பென்ட்லியின் கொள்கை எக்காலத்துக்கும் பொருந்தும் என்று நான் சொல்ல மாட்டேன். அன்றைய உலோகங்களுக்கு அது பொருந்தியது.

1930இல் சிலிண்டரை 110 ஆக்கி எட்டு லிட்டர் காரைச் செய்தார். நூறு கார்களே செய்யப்பட்டன. உலகமே பொருளாதார மந்தத்தில் கிடந்த காலத்தில் யார் வாங்குவது? 1931இல் நிறுவனம் கடனில் மூழ்கியது. நேப்பியர் நிறுவனம் வாங்கப் போகிறது என்று பென்ட்லி நம்பியிருக்க, முன்பின் அறியாத ஓர் அறக்கட்டளை கூடுதல் விலை கொடுத்துத் தட்டிக்கொண்டது. திரைக்குப் பின்னால் இருந்தது ரோல்ஸ்-ராய்ஸ்! கம்பெனியோடு பென்ட்லி என்ற பெயரும் போயிற்று. அவரும் ஊழியராகப் போனார். 1933இல் பென்ட்லி என்ற பெயருடன் வந்த புதிய காருக்குள் இருந்ததோ ரோல்ஸ்-ராய்ஸின் ஆறு சிலிண்டர் எஞ்சின்.

1935இல் விடுபட்டு லகோண்டா நிறுவனத்தில் சேர்ந்தார். இரண்டாம் உலகப் போருக்குப் பின் அங்கே அவர் தலைமையில், வில்லி வாட்சன் முதலியோர் கைவண்ணத்தில், 2.6 லிட்டர் ஆறு சிலிண்டர் எஞ்சின் ஒன்று உருவாயிற்று. லகோண்டா-பென்ட்லி என்று பெயர் வைக்க எண்ணினார்கள். ரோல்ஸ்-ராய்ஸ் வழக்குத் தொடுத்தது. அவர் பெயர் அவருக்கு இல்லை என்றாயிற்று.

1947இல் டேவிட் பிரௌன் என்ற தொழிலதிபர் ஆஸ்டன் மார்ட்டினை வாங்கி, பின்னர் லகோண்டாவையும் வாங்கினார். அவர் விரும்பியது இந்த எஞ்சினைத்தான். ஆஸ்டன் மார்ட்டினுக்குக் கிளாட் ஹில் வடித்த நான்கு சிலிண்டர், 2 லிட்டர் எஞ்சின் ஏற்கெனவே இருந்தது. 1949 லெமானுக்கு மூன்று புதுக் கார்கள் சென்றன: இரண்டில் ஹில்லின் நான்கு, ஒன்றில் பென்ட்லியின் ஆறு. ஆறு சிலிண்டர் கார் சில சுற்றுகளிலேயே சூடேறி நின்றது. நான்கு சிலிண்டர் கார்களில் ஒன்று ஏழாவதாக வந்தது. மற்றொன்று மோதி, அதை ஓட்டிய பியர் மரேஷால் உயிரிழந்தார். இதை மட்டும் பார்த்தால் யாரும் நான்கையே தேர்ந்திருப்பர். ஆனால் சில வாரங்களில் பெல்ஜியத்தின் ஸ்பா 24 மணிப் பந்தயத்தில் அதே ஆறு மூன்றாவதாக வந்தது. டேவிட் பிரௌன் ஆறையே தேர்ந்தார்; ஹில் விலகிப் போனார். பந்தயத்தில் கடைசி வரை ஓடியது அவர் எஞ்சின். என் மனம் அவர் பக்கமே சாய்கிறது. ஆயினும் 2 லிட்டரில் வளர இடமில்லை என்று கண்ட பிரௌனின் கணக்கைத் தவறென்று சொல்ல முடியவில்லை.

1950இல் டி.பி. 2 என்ற பெயரில் அக்கார் வெளிவந்தது. 1951 லெமானில் மூன்றாமிடம் பெற்றது. எஞ்சின் 2.9 லிட்டராக வளர்ந்தது. அதே குடும்பத்து எஞ்சினுடன் ஆஸ்டன் மார்ட்டின் 1955, 1956, 1958 ஆகிய ஆண்டுகளில் லெமானில் இரண்டாமிடம் பெற்றது. அவற்றில் எதிலும் பென்ட்லியின் பெயர் பொறிக்கப்படவில்லை.

1971ஆம் ஆண்டு பிப்ரவரியில் ரோல்ஸ்-ராய்ஸ் நிறுவனமும் கடன் தாளாமல் வீழ்ந்து, அரசாங்கம் அதை ஏற்க நேர்ந்தது. அவ்வாண்டு ஆகஸ்டு 13ஆம் நாள் பென்ட்லி தம் 82ஆம் வயதில் காலமானார்.