வீட்டையே கலாசாலையாக்கிய குருதேவர்

கவியரசர் ரவீந்திரநாத் தாகூரை அறியாத இளைஞர் நம்மிடையே இரார். 1913ஆம் ஆண்டில் நோபல் பரிசு பெற்று ஆசியாவுக்கே பெருமை தேடித் தந்த அவர், பாடசாலைப் படிப்பை முறையாக முடிக்காதவர் என்பதைச் சிலரே அறிவர். படித்துப் பட்டம் ஒன்றும் பெறாத அப்பெரியார் பின்னாளில் ஒரு பல்கலைக்கழகத்தையே நிறுவினார். அவருடைய கவிதையின் பெருமையைப் பலரும் பேசியிருக்கின்றனர். பிள்ளைகளை வளர்த்த தந்தையாகவும், அவர்களுக்குப் பாடம் சொன்ன ஆசிரியராகவும் அவர் வாழ்ந்த வாழ்க்கையோ நம் லிந்துலைப் பெற்றோர்க்கும் வாலிபர்க்கும் மிகவும் பயன்படத் தக்கது. ஆதலின் அதனை இங்கே சுருக்கமாகத் தருகின்றோம்.

சுண்ணக் கோட்டுக்குள் ஒரு சிறுவன்

1861ஆம் ஆண்டு மே மாதம் 7ஆம் திகதி, கல்கத்தாவில் ஜோராசாங்கோ மாளிகையில் ரவீந்திரர் பிறந்தார். தந்தையார் மகரிஷி தேவேந்திரநாதர். தாயார் சாரதா தேவி. பிள்ளைகள் நிறைந்த அப்பெரிய குடும்பத்தில் சிறுவர்களைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு வேலையாட்களிடமே இருந்தது. சியாம் என்ற வேலையாள், சிறுவனை ஓரிடத்தில் இருத்திச் சுற்றிலும் சுண்ணக் கட்டியால் ஒரு வட்டம் போட்டுவிட்டுத் தன் வேலையைப் பார்க்கப் போய்விடுவான். கோட்டைத் தாண்டிய சீதைக்கு நேர்ந்த கதியை இராமாயணக் கதையில் கேட்டிருந்த சிறுவன் அதை மீறத் துணியவில்லை. ஜன்னலுக்கு அப்பால் ஒரு குளமும், அதன் கரையில் ஓர் ஆலமரமும் இருந்தன. குளிக்க வருவோரையும், நீரில் நீந்தும் வாத்துகளையும், ஆலமர நிழலையும் பார்த்தபடியே அவர் பொழுதைக் கழித்தார். இயற்கையை உற்று நோக்கும் பழக்கம் அந்தச் சிறையிலேயே அவருக்கு வாய்த்தது.

நான்கு பாடசாலைகளுக்கு அவரை அனுப்பிப் பார்த்தனர். எங்கும் அவர் மனம் ஒட்டவில்லை. ஒரு பாடசாலையில் ஆசிரியர் ஒருவர் இழிசொற்களை வழங்கி வந்தார். அவருடைய கேள்விகளுக்கு விடை கூறாமல் மாணவர் அனைவர்க்கும் பின்னால் அமர்ந்தே ரவீந்திரர் அந்த ஆண்டைக் கழித்தார். ஆண்டிறுதியில் வங்காளப் பரீட்சையில் முதலிடம் அவருக்கே கிடைத்தது. ஆசிரியர் நம்ப மறுக்கவே, மேலதிகாரியின் முன்னிலையில் மறுபடியும் பரீட்சை நடந்தது. மீண்டும் அவரே முதல்வர்!

வீட்டில் தமையனார் ஹேமேந்திரநாதர் அவருடைய கல்விக்குப் பொறுப்பேற்றிருந்தார். விடியுமுன் மல்யுத்தப் பயிற்சி. பின்னர் கணிதம், பூகோளம், இலக்கியம், சித்திரம், தேகப்பயிற்சி. இரவில் ஆங்கிலம் எனப் பாடங்கள் நடந்தன. பிற மொழிக்கு முன் தாய்மொழி என்பதில் தமையனார் உறுதியாக நின்றார். அதனால் தாம் அடைந்த நன்மையைக் கவியரசர் இறுதிவரை மறக்கவில்லை.

தந்தையோடு ஒரு யாத்திரை

1873ஆம் ஆண்டில் பூணூல் சடங்கு முடிந்ததும், தேவேந்திரநாதர் தம் மைந்தனை இமயமலை யாத்திரைக்கு அழைத்துச் சென்றார். முதலில் போல்பூருக்கு அருகே உள்ள சாந்திநிகேதனத்தில் தங்கினர். செம்மண் பள்ளங்களில் தன்னந்தனியே சுற்றித் திரிந்த சிறுவன், மடி நிறையக் கூழாங்கற்களைக் கொண்டுவருவான். தந்தையார் அவற்றைக் குப்பை என்று எறியவில்லை. ஒவ்வொன்றையும் பார்த்து மகிழ்ந்து, இன்னும் தேடி வருமாறு உற்சாகப்படுத்தினார்.

ஒரு சிறு தொகையைக் கையில் கொடுத்துக் கணக்கு எழுதச் செய்தார். விலையுயர்ந்த தம் தங்கக் கடிகாரத்துக்குச் சாவி கொடுக்கும் பொறுப்பையும் சிறுவனிடமே ஒப்படைத்தார். ஆர்வ மிகுதியால் சிறுவன் அளவுக்கு மேல் சாவி கொடுத்துக் கடிகாரம் பழுதாயிற்று. தந்தையார் கடிந்துகொள்ளாமல் அதைப் பழுது பார்க்க அனுப்பினார். டல்ஹௌசி மலையில், பொழுது புலருமுன் எழுப்பி வடமொழிப் பாடம் சொல்லிக்கொடுத்தார்; குளிர்ந்த நீரில் நீராடப் பழக்கினார்; இரவில் நட்சத்திரங்களைக் காட்டி வானசாஸ்திரம் போதித்தார். பிரம்பின்றி, நம்பிக்கையால் நல்ல பழக்கத்தை ஊன்றலாம் என்பதை ரவீந்திரர் கற்றது அந்த யாத்திரையிலேயாம்.

பத்மா நதிக்கரையில்

1883இல் மிருணாளினி தேவியை அவர் மணந்தார். ஐந்து மக்கள் பிறந்தனர். குடும்ப நிலங்களை மேற்பார்வை செய்யும் பொருட்டு, 1898இல் மனைவி மக்களுடன் பத்மா நதிக்கரையில் உள்ள ஷெலாய்தஹா என்ற ஊரில் குடியேறினார். தாம் பட்ட துன்பம் தம் பிள்ளைகளுக்கு வேண்டாம் எனக் கருதி, அவர்களைப் பாடசாலைக்கு அனுப்பாமல் வீட்டிலேயே கற்பித்தார்.

ஆங்கிலம் கற்பிக்க லாரன்ஸ் என்ற ஆங்கிலேயர் வந்தார். பட்டுப்பூச்சி வளர்ப்பதில் அவருக்கு அளவற்ற மோகம்! கணிதம் கற்பித்த ஜகதானந்த ராயர் பின்னாளில் சிறுவர்க்கு விஞ்ஞான நூல்கள் எழுதிப் புகழ் பெற்றார். வங்காள இலக்கியத்தைக் கவியரசரே கற்பித்தார். மிருணாளினி தேவியும் கணவரின் விருப்பப்படி இராமாயணத்தை எளிய வங்காளத்தில் எழுத முனைந்தார். வார இறுதிகளில் விஞ்ஞானி ஜகதீச சந்திர போஸ் விருந்தினராக வருவார். மூத்த மகன் ரதீந்திரனை மணற்றிட்டுக்கு அழைத்துச் சென்று, ஆமை முட்டைகளைத் தேடிக் கண்டுபிடிக்கும் விதத்தைக் காட்டுவார். ஆறும் மணலும் அப்பிள்ளைகளுக்குப் பாடநூல்களாயின.

அதே காலத்தில் இங்கிலாந்தில் சார்லட் மேசன் (1842–1923) என்னும் அம்மையாரும் இத்தகைய கொள்கையையே பரப்பி வந்தார். வீட்டுக் கல்வி பற்றிய அவருடைய நூல் 1886இல் வெளிவந்தது. குறுகிய பாடம், நல்ல நூல்களை வாசித்தல், கேட்டதைப் பிள்ளை தன் சொல்லில் திருப்பிச் சொல்லுதல், கண்ட செடியையும் பறவையையும் வரைந்து வைத்தல், நற்பழக்கங்களை ஒவ்வொன்றாகப் பதியச் செய்தல் என்பன அவர் முறைகள். கடலுக்கு இருமருங்கும் ஒரே உண்மை புலப்பட்டது வியப்புக்குரியதே.

மரத்தடிப் பள்ளி

தம் பிள்ளைகள் பெற்ற பேற்றைப் பிறரும் பெற வேண்டும் என்று கவியரசர் எண்ணினார். 1901 டிசம்பர் 22ஆம் திகதி சாந்திநிகேதனத்தில் பிரமசரிய ஆசிரமம் தொடங்கிற்று. மாணவர் ஒரு சிலரே. அவர்களுள் ரதீந்திரனும் ஒருவன். மரநிழலில் பாய் விரித்து வகுப்புகள் நடந்தன. காலையும் மாலையும் மௌன தியானம். அடி உதை கிடையாது. தவறு செய்த மாணவனை விசாரிக்கும் பொறுப்பும் மாணவர்களிடமே விடப்பட்டது.

அதற்காக அவர் கொடுத்த விலை பெரிது. பணமுடை வந்தபோது மிருணாளினி தேவி தம் நகைகளைத் தந்தார். 1902 நவம்பரில் அவ்வம்மையார் மறைந்தார். அடுத்த ஆண்டில் மகள் ரேணுகா, 1905இல் தந்தையார், 1907இல் இளைய மகன் சமீந்திரன் என ஒருவர் பின் ஒருவராகப் பிரிந்தனர். இத்தனை துயரிலும் பள்ளியின் மணி ஓயவில்லை.

குறையையும் கூறுதல் நேர்மையாகும். வீட்டில் அத்துணை அக்கறையுடன் கற்பித்த அவரே, மூத்த புதல்வியர் இருவரையும் 1901இல் இளவயதிலேயே மணம் செய்து கொடுத்தார். அப்போது ரேணுகாவுக்கு வயது பத்து! காலத்தின் வழக்கம் பெரியோரையும் கட்டிப்போடும் என்பதற்கு இது சான்று. பின்னாளில் அவருடைய சாந்திநிகேதனத்தில் பெண்களும் சரிநிகராகக் கற்றனர்.

1921இல் விசுவபாரதி உருவாயிற்று. 1924இல் ஏழைக் கிராமச் சிறுவர்க்கெனச் சிக்ஷா சத்திரம் தோன்றியது. 1930இல் அவர் எழுதிய வங்காள ஆரம்பப் பாடநூலுக்கு ஓவியர் நந்தலால் போஸ் சித்திரம் தீட்டினார். பாடசாலை செல்ல வாய்ப்பற்றோர் வீட்டிலிருந்தே படித்துப் பரீட்சை எழுதவும் 1930களில் வழி செய்தார்.

இலங்கைக்கு அவர் 1922, 1928, 1934 ஆகிய ஆண்டுகளில் வந்தார். கடைசி வருகையின்போது ஹொரணையில் வில்மட் பெரேரா நிறுவிய ஸ்ரீபாலி கலாநிலையத்துக்கு அடிக்கல் நாட்டினார். தம் நாவல் ஒன்றை எழுதி முடித்ததும் நம் கண்டி மாநகரிலேதான். 1941 ஆகஸ்ட் 7ஆம் திகதி, பிறந்த இல்லத்திலேயே அவர் அமரரானார். 2023இல் சாந்திநிகேதனம் உலக மரபுரிமைத் தலமாக ஏற்கப்பட்டது.

நாம் செய்யத் தக்கது

மாளிகைச் செல்வரின் கதை லயத்துக்கு எவ்விதம் பொருந்தும் என்று சிலர் கேட்கலாம். நியாயமான கேள்வியே. நம் தாய்மார் விடியலில் கொழுந்துக் கூடையோடு மலைக்குப் போகின்றனர். 1970களில் அரசாங்கம் பொறுப்பேற்கத் தொடங்கும் வரை, தோட்டப் பாடசாலைகள் பெரும்பாலும் ஓராசிரியரோடும் கீழ்வகுப்புகளோடும் நின்றன. பாடசாலையை விட்டுவிடும்படி நாம் யாருக்கும் சொல்லவில்லை. அது நம் முன்னோர் போராடிப் பெற்ற செல்வம். பாடசாலை விட்ட பின் எஞ்சும் பொழுதைப் பற்றியே பேசுகின்றோம்.

கூழாங்கல்லுக்குக் காசு வேண்டியதில்லை. ஓடையும், பனி மூடிய மலையும், தேயிலைக்கு நிழல் தரும் மரங்களும், அவற்றில் கூடு கட்டும் குருவிகளும் நம் வாசலிலேயே உள்ளன. பொன்னர் சங்கர் கதையும் அருச்சுனன் தபசும் காமன் கூத்தும் அறிந்த பாட்டன் பாட்டிமார் இன்னும் நம்மிடையே இருக்கின்றனர். இரவில் அரைமணி நேரம் ஒரு கதை. மறுநாள் அதைப் பிள்ளை தன் வாயால் சொல்லட்டும். ஞாயிற்றுக்கிழமை ஒரு நடை. கண்ட இலையை அப்பியாசக் கொப்பியில் வரையட்டும். மாதத்துக்கு ஒரு நற்பழக்கம் போதும். சில்லறை வாங்கிவரப் பிள்ளையை நம்பி அனுப்புங்கள்; தவறினால் ஏசாமல் மறுபடியும் அனுப்புங்கள்.

வாலிப அன்பர்களே! எழுத்தறியாத பெற்றோரின் பிள்ளைகளுக்கு வாசித்துக் காட்டும் கடமை உங்களைச் சார்ந்தது. ஒவ்வொரு தோட்டத்திலும் இருவர் முன்வந்தால் போதும். வாரம் ஒரு மாலை, கோயில் மண்டபத்தில் பிள்ளைகளைக் கூட்டி வாசிக்கலாம். சுண்ணக் கோட்டுக்குள் அமர்ந்திருந்த ஒரு சிறுவன் உலகத்தையே வென்றான். நம் லயங்களைச் சுற்றிக் காலம் போட்ட கோட்டை நம் பிள்ளைகளும் தாண்டுவர். அதற்குத் துணை நிற்போமாக!