நெய்வேலி ‘குளூனி’ ஸ்கூலுக்கு அந்தப் பேர் எங்கிருந்து வந்தது? யார் இந்த ஆன் மரி ஜவுவே?

காலை எட்டு மணிக்கு நெய்வேலி நகரியத்து ரோடுகளைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். ஒரு பக்கம் வேலைக்குப் போகிற என்.எல்.சி. ஊழியர்கள். இன்னொரு பக்கம் ரெட்டைச் சடையும் முதுகு நிறைய புத்தகமுமாய் சைக்கிள் மிதிக்கிற பெண் பிள்ளைகள். ஜவஹர், என்.எல்.சி. பெண்கள் பள்ளி, செயின்ட் பால், குளூனி என்று ஸ்கூல் பெயரை வைத்தே பிள்ளைகளை அடையாளம் சொல்கிற ஊர் இது. பிளஸ் டூ மார்க் என்ன, நீட் கோச்சிங் எங்கே, அடுத்து எந்த காலேஜ் என்பதுதான் வீட்டுக்கு வீடு பேச்சு.

சரி, ‘குளூனி’ என்றால் என்ன? பலரும் அது ஒரு புனிதரின் பெயர் என்றே நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். இல்லை. அது பிரான்ஸ் நாட்டில் இருக்கும் ஒரு சின்ன ஊர். அந்த ஊரின் பெயரை உலகம் முழுக்க ஸ்கூல் வாசல்களில் எழுத வைத்தவர் ஒரு விவசாயி மகள். அவர் இந்தியாவைப் பார்த்ததே கிடையாது.

ராத்திரியில் நடந்த வகுப்புகள்

1779 நவம்பர் 10-ஆம் தேதி, பிரான்ஸின் பர்கண்டி பகுதியில் ஜலான்ஜ் என்ற கிராமத்தில் பிறந்தார் ஆன் ஜவுவே. அப்பா பல்தசார், ஓரளவு வசதியான விவசாயி. வீட்டில் ஆனுக்கு நானெத் என்று செல்லப்பெயர். கொஞ்ச நாளில் குடும்பம் பக்கத்தில் இருந்த ஷாம்ப்ளாங் கிராமத்துக்குக் குடிபோனது.

பத்து வயது ஆகும் முன்பே பிரெஞ்சுப் புரட்சி வெடித்துவிட்டது. அரசுக்கு விசுவாசப் பிரமாணம் எடுக்க மறுத்த பாதிரியார்கள் தலைமறைவானார்கள். பிடிபட்டால் சிறை, சில நேரம் மரணம். நானெத் என்ன செய்தார் தெரியுமா? அவர்களை ஒளித்துவைத்தார், ரகசியப் பூசை நடக்கும்போது வாசலில் காவல் நின்றார். ஊர்ப் பிள்ளைகளைக் கூட்டி வைத்து மறைவாகப் பாடம் சொல்லிக்கொடுத்தார். டீச்சர் வேலையின் ஆரம்பம் அதுதான். 19 வயதில், அப்படி ஒரு ராத்திரிப் பூசையில், துறவு வாழ்க்கைக்குத் தன்னை ஒப்புக்கொடுத்தார். கல்யாணம் பண்ணிவைக்கும் எண்ணத்தில் இருந்த அப்பாவுக்கு அதில் துளியும் சந்தோஷம் இல்லை.

1800-இல் பெசான்சோனில் கன்னியர் மடம் ஒன்றில் சேர்ந்தார். அங்கே ஒரு நாள், பல நிறக் குழந்தைகள் தன்னைச் சுற்றி நிற்பது போன்ற ஒரு காட்சியைக் கண்டதாகப் பின்னாளில் அவர் சொல்லியிருக்கிறார். அதை நம்புவதும் நம்பாததும் அவரவர் விருப்பம். ஆனால் அதற்குப் பிறகு அவர் எடுத்த முடிவு ஒவ்வொன்றிலும் அந்தக் காட்சியின் தடம் தெரியும்.

அந்த மடத்திலும் நிலைக்கவில்லை. வெளியே வந்து கிராமம் கிராமமாகச் சின்ன பள்ளிகள் ஆரம்பித்தார். கையில் காசு இல்லாமல் பலது நின்றுபோனது. கடைசியில் கோபமாக இருந்த அதே அப்பாதான் கைகொடுத்தார். 1807-இல் ஷாலோன் நகரில் ஆனும், கூடப்பிறந்த மூன்று தங்கைகளும், வேறு சில பெண்களும் சேர்ந்து துறவு உடை தரித்துப் புதிய சபையைத் தொடங்கினார்கள். 1812-இல் குளூனி ஊரில் இருந்த ஒரு பழைய மடத்தை அப்பா வாங்கிக்கொடுத்தார். புனித ஜோசப் பெயரும் ஊர்ப் பெயரும் சேர்ந்து ‘குளூனி புனித ஜோசப் சபை’ ஆனது. ஆன், ஆன் மரி ஆனார்.

எழும்பூரிலிருந்து பாரிஸுக்குப் போன பாடமுறை

இங்கேதான் நமக்கு நேரடியாகச் சம்பந்தப்பட்ட ஒரு விஷயம் வருகிறது.

நெப்போலியன் வீழ்ந்த சமயத்தில் ஆன் மரி பாரிஸில் ஒரு பள்ளி நடத்தினார். பிள்ளைகள் நிறைய, டீச்சர்கள் கொஞ்சம். அப்போது இங்கிலாந்திலிருந்து ஒரு புது முறை வந்து பிரான்ஸில் பரவிக்கொண்டிருந்தது. நன்றாகப் படிக்கும் மூத்த பிள்ளைகள் சின்னப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்பார்கள், ஆசிரியர் எல்லோரையும் மேற்பார்வை பார்ப்பார். லண்டனில் ஜோசப் லாங்காஸ்டர் நடத்தியதால் லாங்காஸ்டர் முறை என்றார்கள்.

கேட்டால் பழக்கப்பட்ட விஷயமாக இருக்கிறதா? நம்ம திண்ணைப் பள்ளிக்கூடத்துச் சட்டாம்பிள்ளைதான் அது!

கதை இப்படி. 1789-இல் மெட்ராஸ் எழும்பூரில் ராணுவத்தினரின் அநாதைப் பிள்ளைகளுக்கான பள்ளிக்குப் பொறுப்பாளராக இருந்தவர் ஆண்ட்ரூ பெல் என்ற ஸ்காட்லாந்துக்காரர். வழியில் ஒரு உள்ளூர்ப் பள்ளியில் பிள்ளைகள் தரையில் உட்கார்ந்து மணலில் விரலால் எழுதிப் பழகுவதைப் பார்த்தார். அதைத் தன் பள்ளியிலும் செய்யச் சொன்னார். பெரியவர்கள் முரண்டு பிடிக்கவே, ஒரு எட்டு வயதுப் பையனையே வாத்தியார் ஆக்கினார். பலித்துவிட்டது. ஊர் திரும்பி 1797-இல் அதைப் பற்றிப் புத்தகம் போட்டார். ‘மெட்ராஸ் முறை’ என்ற பெயர் நிலைத்தது. ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸ் ஊரில் ‘மெட்ராஸ் காலேஜ்’ என்ற பெயரில் இன்றும் ஒரு ஸ்கூல் இருக்கிறது. லாங்காஸ்டர் இதேபோன்ற முறையைத்தான் லண்டனில் பெரிதாக்கினார். யார் முதலில் கண்டுபிடித்தது என்று இருவருக்கும் பெரிய சண்டையே நடந்தது. இரண்டு பேருக்கும் முன்னால் நம்ம ஊர்ச் சட்டாம்பிள்ளை இருந்தான் என்பதுதான் வேடிக்கை.

பாரிஸில் கத்தோலிக்க குருமார்கள் பலருக்கு இந்த முறை பிடிக்கவில்லை. இங்கிலீஷ் புராட்டஸ்டன்ட் சமாச்சாரம் என்று ஒதுக்கினார்கள். ஆன் மரி அசையவில்லை. பிள்ளை சீக்கிரம் படிக்கக் கற்றுக்கொள்கிறதா, அவ்வளவுதான் அவருக்குக் கணக்கு. அந்தப் பள்ளியின் பெயர் அரசாங்கம் வரை போனது. இந்தியப் பெருங்கடலில் இருக்கும் இன்றைய ரெயூனியன் தீவுக்குப் பள்ளி நடத்த கன்னியர்களை அனுப்பும்படி அழைப்பு வந்தது. சபை கடல் தாண்டியது 1817-இல்தான்.

பெண் பிள்ளைகளுக்கு அந்தக் காலத்தில் என்ன சொல்லிக்கொடுத்தார்கள்? எழுத்து, வாசிப்பு, கணக்கு, தையல், மறைக்கல்வி. அவ்வளவே. பிரான்ஸில் 1833-இல் வந்த கல்விச் சட்டம் ஊருக்கு ஊர் பையன்களுக்குப் பள்ளி வேண்டும் என்றது, பெண்களை விட்டுவிட்டது. பெரிய ஊர்களிலாவது பெண்கள் பள்ளி இருக்க வேண்டும் என்று சட்டம் வர 1850 ஆனது. பிரான்ஸில் ஒரு பெண் முதன்முதலாகப் பள்ளி இறுதித் தேர்வான பக்கலோரியா தேறியது 1861-இல். அதாவது, நம்ம பிளஸ் டூ மாதிரியான ஒரு பரீட்சையை ஒரு பெண் எழுதித் தேறியதை ஆன் மரி கண்ணால் பார்க்கவே இல்லை.

ஆப்பிரிக்காவில் கேட்ட கேள்வி

1822-இல் ஆன் மரி தானே செனகலுக்குக் கப்பல் ஏறினார். ஆஸ்பத்திரி, பள்ளி, விவசாயப் பண்ணை என்று வேலை. பக்கத்தில் ஆங்கிலேயர் கையில் இருந்த சியரா லியோனிலும் நோயாளிகளைப் பார்க்கப் போனார். மஞ்சள் காய்ச்சல் அவரையே படுக்கையில் தள்ளியது, பிழைத்தது பெரிய விஷயம்.

ஆப்பிரிக்கர்களுக்குப் படிப்பு ஏறாது என்று ஐரோப்பாவில் கூசாமல் பேசிக்கொண்டிருந்த காலம். ஆன் மரி செனகல் பிள்ளைகளை பிரான்ஸுக்கே அழைத்துப்போய்ப் படிக்கவைத்தார். குளிர் தாங்காமலும் நோயிலும் பல பிள்ளைகள் இறந்துபோனார்கள். இந்தத் திட்டத்தின் இந்தப் பக்கத்தையும் சொல்லாமல் விடக்கூடாது. மிஞ்சியவர்களில் மூன்று பேர் 1840-இல் குருக்கள் ஆனார்கள்.

மானா: 185 பேரின் விடுதலை

1828-இல் தென் அமெரிக்காவின் பிரெஞ்சு கயானாவுக்குப் போனார். மானா ஆற்றங்கரையில் ஒரு குடியிருப்பை நடத்தச் சொல்லி அரசு அனுப்பியது. அதற்கு முன் எடுத்த முயற்சி தோற்றுப்போயிருந்தது. 36 கன்னியர்களும் குடியேற வந்த சில டஜன் பிரெஞ்சுக்காரர்களும் காட்டைத் திருத்திப் பயிர் வைத்தார்கள். ஊரார் ஒதுக்கிவைத்த தொழுநோயாளிகளுக்கும் பக்கத்திலேயே அக்கருவானி என்ற இடத்தில் குடியிருப்பு அமைந்தது.

1835-இல் அரசு இன்னொரு பொறுப்பைக் கொடுத்தது. சட்டவிரோத அடிமைக் கப்பல்களிலிருந்து மீட்கப்பட்ட ஆப்பிரிக்கர்கள் சுமார் 500 பேர் கயானாவில் இருந்தார்கள். பெயருக்கு மீட்கப்பட்டவர்கள், நிஜத்தில் கட்டாய உழைப்பில் இருந்தார்கள். அவர்களை மானாவில் வைத்து சுதந்திர வாழ்க்கைக்குத் தயார்படுத்த வேண்டும்.

தோட்ட முதலாளிகளுக்கு வயிறு எரிந்தது. படித்து, சொந்த நிலத்தில் உழைக்கிற ஆப்பிரிக்கர்களைப் பார்த்துவிட்டால் தங்கள் அடிமைகள் சும்மா இருப்பார்களா? ஆன் மரி போகிற படகைக் கவிழ்க்கச் சொல்லி படகோட்டிக்குப் பணம் கொடுத்தார்கள் என்றும், அவர் மனசு வராமல் விட்டுவிட்டார் என்றும் அவருடைய வரலாற்றை எழுதியவர்கள் சொல்கிறார்கள்.

1838 மே மாதம் 185 பேர் அதிகாரபூர்வமாக விடுதலை பெற்றார்கள். ஆளுக்கு ஒரு வீடும் துண்டு நிலமும் கிடைத்தது. பிரெஞ்சுக் காலனிகள் முழுக்க அடிமை முறை ஒழிய இன்னும் பத்து வருஷம் இருந்தது.

மானாவை ஒரு சொர்க்கம் மாதிரி வர்ணிப்பதும் சரியில்லை. அங்கே கட்டுப்பாடு கடுமை. எப்போது எழுவது, எப்போது ஜெபம், எப்போது வேலை என்று எல்லாவற்றுக்கும் அன்னையின் உத்தரவுதான். வளர்ந்த மனிதர்களைக் குழந்தைகள் போல நடத்தினார் என்று பிற்கால வரலாற்றாசிரியர்கள் விமர்சிக்கிறார்கள். அதில் நியாயம் இருக்கிறது. ஆனால், அன்றைய கயானாவில் நிலப்பட்டாவோடு ஒரு முன்னாள் அடிமை நிற்கக்கூடிய இடம் அது என்பதும் உண்மை. இந்தப் பெண்மணியை ஒரு பெரிய மனிதன் என்று ஆண்பாலிலேயே புகழ்ந்தாராம் அரசர் லூயி பிலிப். அன்றைக்குத் திறமைசாலிப் பெண்ணைப் பாராட்ட வேறு வார்த்தை இல்லை போல!

சொந்தத் திருச்சபையிலிருந்தே வந்த அடி

எதிரிகள் வெளியில் மட்டும் இல்லை. ஓத்தாங் மறைமாவட்ட ஆயர் தெரிக்கூர், சபைக்குத் தலைவர் தான்தான் என்று உரிமை கொண்டாடினார். ஆன் மரி சம்மதிக்கவில்லை. சபை பல கண்டங்களில் இருக்கிறது, ஒரே ஊர் ஆயரின் கைக்குள் அடங்காது என்பது அவர் நிலை. இந்தத் தகராறு கயானா வரை போனது. அங்கிருந்த திருச்சபை அதிகாரி அவருக்கு நற்கருணை கொடுக்க மறுத்தார். ஒரு கன்னியாஸ்திரிக்கு இதைவிடப் பெரிய தண்டனை கிடையாது. எல்லோரும் எழுந்து போய் வாங்கும்போது, அவர் மட்டும் கோயிலில் உட்கார்ந்திருந்தார். சுமார் இரண்டு வருஷம்.

1843-இல் மானாவை விட்டுக் கிளம்பினார். 1851 ஜூலையில் அந்த ஆயர் இறந்த செய்தி வந்தது. அப்போது ஆன் மரியும் படுத்த படுக்கை. அவரைத் திட்டவில்லை, தனக்கு நன்மை செய்தவர் என்றே நினைத்துப் பிரார்த்திக்கச் சொன்னாராம். சில நாட்களிலேயே, ஜூலை 15-ஆம் தேதி, பாரிஸில் காலமானார். வயது 71. 1950-இல் போப் பன்னிரண்டாம் பயஸ் அவருக்கு அருளாளர் பட்டம் கொடுத்தார்.

புதுச்சேரி வழியாக நெய்வேலிக்கு

1826-இல் பிரெஞ்சு புதுச்சேரிக்கு நிர்வாகியாக வந்தவர் தெபாசின் தெ ரிஷ்மோன். பள்ளிகள், நூலகம் என்று ஊரை மாற்றிக்கொண்டிருந்தவர். 1827-இல் குளூனி கன்னியர்கள் புதுச்சேரியில் கால் வைத்தார்கள். ஆரம்பத்தில் அவர்களுடைய வகுப்புகள் ஐரோப்பிய, கலப்பினக் குடும்பத்துப் பெண்களுக்குத்தான். நிறமும் சாதியும் பார்த்த ஊரில், தமிழ்ப் பெண் பிள்ளைகளுக்குக் கதவு மெதுவாகத்தான் திறந்தது. மானாவில் ஆன் மரி உடைத்த சுவரை புதுச்சேரியில் அவர் சபையால் உடனே உடைக்க முடியவில்லை என்பதே நிஜம். ரோமன் ரோலண்ட் வீதியில் சபையின் எம்பிராய்டரி மையம் இன்றும் இருக்கிறது. தையல் பாடத்தின் தொடர்ச்சி அது.

நெய்வேலி நகரியம் அதற்கு நூறு வருஷத்துக்கும் மேல் கழித்து வந்த ஊர். 1956-இல் என்.எல்.சி. நிறுவனம், அடுத்த வருஷம் சுரங்க வேலை. பழைய கிராமங்கள் போய், பிளாக் பிளாக்காகக் குவார்ட்டர்ஸ் எழும்பியது. பல மாவட்டங்களிலிருந்தும் வெளி மாநிலங்களிலிருந்தும் வேலைக்கு வந்த குடும்பங்கள் முதலில் விசாரித்தது பிள்ளைகளுக்கு ஸ்கூல் எங்கே என்றுதான். அப்படி உருவான பள்ளிகளின் வரிசையில்தான் குளூனி கன்னியர்களின் பெயரும் சேர்ந்தது.

அடுத்த தடவை அந்த வாசலைத் தாண்டும்போது, எழுதியிருப்பது யாரோ ஒரு புனிதரின் பெயர் இல்லை, 1812-இல் ஒரு விவசாயி தன் மகளுக்கு வாங்கிக்கொடுத்த இடத்தின் பெயர் என்று பிள்ளைகளிடம் சொல்லலாம். ஜூலை 15 ஆன் மரியின் நினைவு நாள். ஸ்கூல் திறந்து ஒரு மாதம் சொச்சம் ஆகியிருக்கும். பிளஸ் டூ பிள்ளைகள் முதல் மிட் டெர்ம் டெஸ்ட்டுக்குப் படித்துக்கொண்டிருப்பார்கள்.