சிரிப்பை நம்பிய செட்டியார்

குன்றக்குடி முருகனைக் கும்பிட்டுவிட்டுக் கிழக்கே சுமார் 10 கிலோ மீட்டர் போனால் காரைக்குடி. அங்கே ஆவிச்சி செட்டியார் என்பவர் கடை வைத்திருந்தார். கிராமபோன் தட்டுகளும் விற்றார். அவருடைய மகன்தான் ஏவி.எம். என்று நாடறிந்த மெய்யப்ப செட்டியார்.

பிறந்தது 1907-ம் ஆண்டு ஜூலை 28-ந் தேதி. இளம் வயதிலேயே கடையில் உட்கார்ந்துவிட்டார். தட்டுகளை விற்றால் மட்டும் போதுமா, நாமே பாட்டை எடுத்து வெளியிட்டால் என்ன என்று தோன்றியது. சென்னைக்கு வந்தார். கூட்டாளிகளுடன் சரஸ்வதி ஸ்டோர்ஸ் தொடங்கினார். தட்டு வியாபாரம் நன்றாக நடந்தது. பேசும் படம் வந்ததும் ஆசை அந்தப் பக்கம் திரும்பியது.

கையைச் சுட்டது

1935-ல் 'அல்லி அர்ஜுனா' எடுத்தார். நட்டம்! அதே ஆண்டில் 'ரத்னாவளி'. அதுவும் நட்டம்!

வேறு ஒருவராக இருந்தால் ஊருக்கு மூட்டை கட்டியிருப்பார். செட்டியார் 1938-ல் 'நந்தகுமார்' எடுத்தார். கிருஷ்ணனாகச் சிறுவன் டி.ஆர்.மகாலிங்கம் நடித்தான். படம் கை கொடுத்தது. அந்தப் படத்தில் நடிகைக்குப் பதிலாக வேறொரு பெண்ணைப் பாட வைத்தார். அப்போது அது புதுமை.

அசட்டு எஜமான்

அந்தக் காலத்தில் புராணக் கதை என்றால்தான் கூட்டம் வரும். சிரிப்பு, ஊறுகாய் மாதிரி ஓரத்தில் இருக்கும். சார்லி சாப்ளின் வாய் பேசாமலே விழுந்து எழுந்து உலகத்தைச் சிரிக்க வைத்திருந்தார். ஆனால் தமிழில் முழு நீளச் சிரிப்புப் படத்துக்குப் பணம் போட யாருக்கும் எளிதில் துணிவு வராது.

செட்டியார் துணிந்தார். பம்மல் சம்பந்த முதலியாரின் 'சபாபதி' நாடகத்தை எடுத்துக்கொண்டார். ஏ.டி.கிருஷ்ணசாமியுடன் சேர்ந்து தாமே டைரக்ட் செய்தார்.

பணக்கார வீட்டுப் பிள்ளை சபாபதி. படிப்பு ஏறாது. வேலைக்காரனுக்கும் அதே பெயர். அவனோ எஜமானை மிஞ்சிய அசடு! சொன்ன சொல்லுக்கு நேர் அர்த்தம் எடுத்துக்கொண்டு காரியத்தைக் கெடுப்பான். அந்தப் பெரிய கண்களை உருட்டி உருட்டி விழித்தார் டி.ஆர்.ராமச்சந்திரன். வேலைக்காரனாகக் காளி என்.ரத்தினம். நாடகத்தில் காளி வேடம் போட்டவர், அதனால் அந்தப் பெயர். அவருக்கு ஜோடி சி.டி.ராஜகாந்தம். எஜமானுக்கு மனைவியாக, சோப்பு விளம்பரத்தால் 'லக்ஸ்' பத்மா என்று பெயர் வாங்கிய பத்மா. படித்த பெண் அவள். கணவனையும் படிக்க வைக்கிறாள். 1941-ல் இது சின்ன விஷயமா?

படம் வெளிவந்தது 1941 டிசம்பர் 14-ந் தேதி. அதற்கு ஒரு வாரம் முன்னால்தான் பேர்ல் துறைமுகத்தில் ஜப்பான் குண்டு போட்டது. மறு ஆண்டு சென்னையில் பலர் குண்டுக்குப் பயந்து வீட்டைப் பூட்டிக்கொண்டு ஊரை விட்டே போனார்கள். போட்ட பணம் என்ன ஆகும்?

ஜனங்கள் கொட்டகைக்கு வந்தார்கள். வயிறு குலுங்கச் சிரித்தார்கள். படம் வெற்றி! 1942-ல் 'என் மனைவி' என்று இன்னொரு சிரிப்புப் படமும் எடுத்தார் செட்டியார்.

சொந்த ஊரில் கொட்டகை

போர்க் காலத்தில் சென்னையில் ஸ்டூடியோ வைக்க வசதி கிடைக்கவில்லை. எனவே காரைக்குடியிலேயே, தேவகோட்டை ரஸ்தாவில், கீற்றுக் கொட்டகை போட்டார். 1947-ல் வெளிவந்த 'நாம் இருவர்' அங்கே எடுத்ததுதான். பாரதியார் பாட்டுக்கள் பட்டிதொட்டி எல்லாம் ஒலித்தன. 1948-ல் ஸ்டூடியோ சென்னைக்கு, கோடம்பாக்கத்துக்குப் போயிற்று.

பிறகு எத்தனையோ பெரிய படங்கள். ஆனாலும் சிரிப்பு நடிகரைக் கதாநாயகன் ஆக்கும் துணிச்சல் அவரை விட்டுப் போகவில்லை. 1964-ல் நாகேஷை வைத்து 'சர்வர் சுந்தரம்' வந்தது. சிரிக்க வைப்பவன் உள்ளுக்குள் அழுகிற கதை அது.

செட்டியார் 1979 ஆகஸ்டு 12-ந் தேதி காலமானார். அப்போது அவருக்கு வயது 72. அசட்டுச் சபாபதி இன்னும் டெலிவிஷனில் வந்து விழித்துக்கொண்டிருக்கிறான். தாத்தா சிரித்த இடத்திலேதான் பேரனும் சிரிக்கிறான்.