யான் பிரான்ஸ் வில்லெம்ஸ்
பிளெமிய இலக்கிய வரலாற்றின் முன்னோடி

பெல்ஜிய நாட்டின் வடபாகத்து மக்களின் தாய்மொழி பிளெமியம். அஃது ஒல்லாந்த மொழியின் தென்புல வழக்காகும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அதனை உழவர்க்கும் தொழிலாளர்க்குமே உரிய மொழியெனக் கருதினர். உயர்குடியினரும் கற்றோரிற் பலரும் பிரெஞ்சு மொழியையே போற்றினர். பிளெமியத்துக்கும் தொன்மையான இலக்கியச் செல்வம் உண்டென்பதைப் பழைய ஏடுகளைக் கொண்டு நிறுவிய பேரறிஞர் யான் பிரான்ஸ் வில்லெம்ஸ்.

அன்ற்வேர்ப் நகருக்கு அண்மையிலுள்ள சிற்றூரொன்றில் 1793ஆம் ஆண்டு பிறந்த இவர், இளமையில் அந்நகரிலே நொத்தாரிசு ஒருவரின் கந்தோரில் எழுதுவினைஞராக விளங்கினார். பின்னர் அரசாங்க வரி அறவிடும் உத்தியோகம் பெற்றார். 1815இல் இந்நிலப்பகுதி வடக்கேயுள்ள ஒல்லாந்துடன் ஒரே முடியின்கீழ் இணைக்கப்பட்டிருந்தது. மன்னர் முதலாம் வில்லியம் ஒல்லாந்த மொழியை ஆதரித்தார். அக்காலத்திலேயே, 1819க்கும் 1824க்கும் இடையில், தென் மாகாணங்களின் மொழியையும் இலக்கியத்தையும் ஆராயும் வரலாற்று நூலை இரு பாகங்களாக வெளியிட்டார் வில்லெம்ஸ்.

1830இற் புரட்சி மூண்டது. பெல்ஜியம் தனிநாடாயிற்று, ஆட்சிபீடத்திற் பிரெஞ்சு மொழி அமர்ந்தது. பழைய மன்னர்பாற் பற்றுடையவரென அறியப்பட்ட வில்லெம்ஸ், 1831இல் ஏக்லோ என்னும் சிறு நகருக்கு மாற்றப்பட்டார். அன்ற்வேர்ப்பில் அமைந்த இலக்கியத் தொடர்புகளை இழந்த அவர்க்கு அவ்விடமாற்றம் தண்டனையே. எனினும் அவர் சோர்ந்திலர். இடைக்காலப் பிளெமியக் காவியமாகிய ரெயினார்ட் நரியின் கதையைத் தம் காலத்து மொழியில் ஆக்கி 1834இல் வெளியிட்டார். அதன் முன்னுரை தாய்மொழியின் உரிமைக்காக எழுந்த குரலாய் அமைந்தது.

அடுத்த ஆண்டில் அவர் கெந்த் நகருக்கு மாற்றப்பட்டார். 1836இல் அக்காவியத்தின் பழைய கையெழுத்துப் பிரதியொன்று இலண்டனில் ஏலத்துக்கு வந்தபோது, பெல்ஜிய அரசாங்கம் அதனை விலைக்கு வாங்கியது. அவ்வாண்டிலேயே மூலக் காவியத்தைப் பதிப்பித்தார் வில்லெம்ஸ். அவரைத் தொலைவுக்கு அனுப்பிய அரசே அவர் புலமைத் தொண்டுக்குத் துணைநின்றமை கருதத்தக்கது. 1837 முதல் தாம் நடத்திய ஆராய்ச்சி ஏட்டில், மறைந்து கிடந்த பழம் பாடல்களையும் ஆவணங்களையும் வெளியிட்டுவந்தார்.

எழுத்திலக்கணத்தை ஒழுங்குபடுத்தும் பணியிலும் அவர் முன்னின்றார். அவர் வகுத்த முறை ஒல்லாந்தின் முறையை நெருங்கியதெனச் சிலர் வன்மையாக எதிர்த்தனர். எனினும் 1844இல் அரச ஆணை அதனை ஏற்றுக்கொண்டது.

1846 யூன் 24ஆம் நாள், தமது ஐம்பத்து மூன்றாம் வயதில், கெந்த் நகரில் வில்லெம்ஸ் காலமானார். அவர் முற்றுவியாது விட்ட பழம் பிளெமியப் பாடற்றொகுதியை, நண்பர் சினெல்லார்ட் நிறைவுசெய்து 1848இல் வெளிக்கொணர்ந்தார். 1851இல் அவர் பெயரால் கெந்த் நகரில் ஒரு பண்பாட்டுக் கழகம் தோன்றியது. சட்டங்களில் ஒல்லாந்த மொழி பிரெஞ்சுக்கு நிகரான இடம் பெற்றது 1898இலேயாம். கெந்த் பல்கலைக்கழகம் முழுவதும் அம்மொழியில் இயங்கத் தொடங்கியது 1930இல்.

இவற்றுள் ஒன்றையும் வில்லெம்ஸ் கண்டாரல்லர். ஆயினும், தம் மொழி இழிந்ததன்று என்னும் துணிவை அம்மக்களுக்கு அளித்தவை அவர் தேடிப் பதிப்பித்த பழைய ஏடுகளே. இலக்கிய வரலாற்றாசிரியன் ஒருவன் தன் மக்களுக்குச் செய்யத்தக்க தொண்டு இதனினும் சிறந்தது வேறு யாதுளது?