ஜோகேந்திரநாத் மண்டல்: ஒரு தலைவரை எதைக் கொண்டு அளப்பது?

1947 ஆகஸ்ட் 10 அன்று கராச்சியில் பாகிஸ்தான் அரசியல் நிர்ணய சபை முதன்முறையாகக் கூடியபோது, தற்காலிகத் தலைவராக அமர்ந்தவர் வங்காளத்தின் பரிசால் மாவட்டத்தைச் சேர்ந்த தீண்டப்படாத சமூகத்து வழக்குரைஞர் ஜோகேந்திரநாத் மண்டல். புதிய நாட்டின் முதல் சட்ட அமைச்சரும் அவரே. மூன்று ஆண்டுகள் கழித்து, 1950 அக்டோபர் 8 தேதியிட்ட பதவி விலகல் கடிதத்தைப் பிரதமர் லியாகத் அலி கானுக்கு எழுதிவிட்டுக் கல்கத்தாவில் அடைக்கலம் புகுந்தார்.

இந்து தேசியவாதிகள் இந்த வாழ்க்கையை ஓர் எச்சரிக்கைக் கதையாகச் சொல்லி வருகின்றனர்: தலித்துகள் இசுலாமியரோடு கைகோத்தால் இதுதான் கதி என்பது அவர்களின் வாதம். பதவிக்காகத் தன் மக்களை விற்றவர் என்பது மற்றொரு தரப்பின் தீர்ப்பு. இரண்டுமே முடிவை மட்டும் வைத்து மனிதரை எடைபோடுகின்றன. ஓர் அரசியல்வாதி தன் கொள்கைக்கும் தன்னை நம்பியவர்களுக்கும் உண்மையாகப் போராடினாரா என்பதை அறிய, அவர் எடுத்த ஒவ்வொரு முடிவையும் அதன் காலத்தில் வைத்துப் பார்க்க வேண்டும்.

மண்டல் 1904 ஜனவரி 29 அன்று நாமசூத்திர உழவர் குடும்பமொன்றில் பிறந்தார். கிழக்கு வங்காளத்தின் சதுப்பு நிலங்களைத் திருத்தி வயலாக்கிய அம்மக்களைச் சாதி இந்துக்கள் சண்டாளர் என்றழைத்தனர். ஹரிசாந்த் தாக்கூரும் அவர் மகன் குருசாந்த் தாக்கூரும் வளர்த்த மதுவா இயக்கம் அவர்களிடையே கல்வியையும் தன்மானத்தையும் விதைத்திருந்தது. அந்தச் சமூகத்திலிருந்து எழுந்து 1934இல் சட்டப் பட்டம் பெற்ற மண்டல், 1937 தேர்தலில் தனித் தொகுதியில் அல்லாமல் பொதுத் தொகுதியில் சுயேச்சையாக நின்று, செல்வாக்கு மிக்க காங்கிரஸ் வேட்பாளரைத் தோற்கடித்தார்.

1943இல் நசிமுதீன் தலைமையிலான முஸ்லிம் லீக் அமைச்சரவைக்கு ஆதரவளித்தபோது அவர் மூன்று நிபந்தனைகளை வைத்தார். பட்டியல் சாதியினர் மூவரை அமைச்சராக்க வேண்டும். அவர்களின் கல்விக்கு ஆண்டுதோறும் 5 லட்சம் ரூபாய் ஒதுக்க வேண்டும். அரசுப் பணிகளில் வகுப்புவாரி விகிதாச்சாரத்தை முழுமையாக நடைமுறைப்படுத்த வேண்டும். இந்த உறவுக்குப் பின்னால் ஒரு பொருளாதாரக் கணிப்பு இருந்தது. வங்காளத்தின் இசுலாமியரும் நாமசூத்திரரும் பெரும்பாலும் குத்தகை உழவர்களாகவும் கூலிகளாகவும் இருந்தனர். நிலமும் வட்டித் தொழிலும் பெருமளவு உயர்சாதி இந்துக்களின் கையில் இருந்தன.

1946 தேர்தல் பூனா ஒப்பந்தத்தின் விளைவை அப்பட்டமாகக் காட்டியது. அவ்வொப்பந்தம் வங்காளத்துக்கு 30 தனித் தொகுதிகளை வழங்கியிருந்தது. ஆனால் பட்டியல் சாதிக் கூட்டமைப்பின் சார்பில் வென்றவர் மண்டல் ஒருவர் மட்டுமே. கூட்டு வாக்காளர் முறையில் தலித்துகளின் பிரதிநிதியைத் தீர்மானித்தவர்கள் மற்றவர்களாக இருந்தனர். அந்த நெருக்கடியில்தான், பம்பாய் மாகாணத்தில் வழி அடைக்கப்பட்டிருந்த அண்ணல் அம்பேத்கரை வங்காளத்திலிருந்து அரசியல் நிர்ணய சபைக்கு அனுப்ப மண்டல் வாக்குகளைத் திரட்டினார். இது அவருக்கு எந்தப் பதவியையும் தரக்கூடிய செயலன்று. பிரிவினைக்குப் பின் அம்பேத்கர் பம்பாயிலிருந்து மீண்டும் தேர்ந்தெடுக்கப்பட்டார் என்றாலும், அச்சபையின் வாயிலை முதலில் திறந்தது வங்காளமே.

அவருடைய கணக்கு தவறத் தொடங்கியதும் அதே ஆண்டில்தான். ஆகஸ்டில் கல்கத்தா கலவரத்தில் இரத்தம் ஓடியபோதும் அவர் சுஹ்ரவர்தி அமைச்சரவையை விட்டு விலகவில்லை. வங்காளம் பிளக்கப்பட்டால் நாமசூத்திரர் இரு பக்கமும் வலிமை இழப்பர் என்று சரியாகவே கணித்துப் பிரிவினையை எதிர்த்தார். அது நடந்தே தீரும் என்றானபோது பாகிஸ்தானைத் தேர்ந்தெடுத்தார். 1947 ஜூலையில் சில்ஹெட் பொதுவாக்கெடுப்பில் லீக்கின் பக்கம் நின்று பிரச்சாரமும் செய்தார். அவ்வாண்டின் இறுதியில் பாகிஸ்தானிலுள்ள பட்டியல் சாதி மக்கள் இந்தியாவுக்கு வந்துவிட வேண்டும் என்று அம்பேத்கர் அறிவுறுத்தியபோதும் மண்டல் தம் நிலையில் நீடித்தார்.

1943இல் நிபந்தனைகளை எண்ணிக்கையோடு வைத்தவர், 1947இல் வாய்மொழி உறுதிகளை நம்பினார். தம் மக்களின் பாதுகாப்புக்கு நீதிமன்றத்தில் காட்டக்கூடிய சட்டப் பிணை எதையும் பெறவில்லை. ஜின்னா 1948 செப்டம்பரில் இறந்தார். கிழக்கு வங்காள அமைச்சரவையில் பட்டியல் சாதியினரைச் சேர்ப்பதாகத் தந்த வாக்கு நிறைவேறவில்லை. நாமசூத்திர ஊர்களில் காவல்துறையும் உள்ளூர் ஆதிக்கக்காரர்களும் நடத்திய கொடுமைகளைப் பற்றி அவர் அரசிடம் முறையிட்டார், பயனில்லை. 1950 பிப்ரவரியில் அவருடைய சொந்த பரிசாலும் கலவரத்தில் எரிந்தது.

அவர் விலகியதோ அக்டோபரில். இந்த எட்டு மாதங்களை நாம் மறைக்கக் கூடாது. அக்காலத்தில் ஏராளமானோர் கையில் கிடைத்ததை எடுத்துக்கொண்டு எல்லை கடந்தனர். அமைச்சருக்கு இருந்த பாதுகாப்பு அவர்களுக்கு இல்லை. எனினும் அவர் எழுதிய கடிதம் வழக்கமான விலகல் கடிதம் போன்றதன்று. ஊர்ப்பெயர்களும் நிகழ்வுகளும் அடுக்கப்பட்ட அது, தாம் அங்கம் வகித்த அரசின் மீதே அவர் தாக்கல் செய்த குற்றப்பத்திரிகை. லீக்கோடு சேர்ந்த காரணத்தையும் அந்த நம்பிக்கை சிதைந்ததையும் அதில் ஒளிக்காமல் பதிவு செய்தார்.

இந்தியாவில் அவரை வரவேற்க எந்தப் பெரிய கட்சியும் காத்திருக்கவில்லை. மேற்கு வங்காளத்தில் மீண்டும் மீண்டும் தேர்தலில் நின்று தோற்றார். ஆனாலும் தலித் அகதிகளோடு நின்றார். அவர்களை வங்காளத்துக்கு வெளியே தண்டகாரண்யத்தின் காடுகளுக்கு அனுப்பும் திட்டத்தை எதிர்த்தார். 1968 அக்டோபர் 5 அன்று, அகதிகள் நிறைந்த எல்லை நகரமான பொங்காவில் இறந்தார்.

இந்த வாழ்க்கையிலிருந்து நான்கு கேள்விகளை எடுக்கலாம். எந்த நிபந்தனையின் பேரில் கூட்டணி சேர்ந்தார், அது மக்களுக்குத் தெரியுமா? பதவியில் இருந்தபோது தம் மக்கள் மீதான கொடுமையைப் பேசினாரா? வாக்கு மீறப்பட்டபின் எத்தனை நாள் நாற்காலியில் இருந்தார்? அதிகாரம் போனபின் யாரோடு நின்றார்? முதல் கேள்வியில் 1943இன் மண்டல் தேறுகிறார், 1947இன் மண்டல் தவறுகிறார். இரண்டாவதிலும் நான்காவதிலும் தேறுகிறார். மூன்றாவதில் அவர் மீதான குற்றச்சாட்டு நிற்கிறது. நேர்மையான மனிதரும் தவறான இடத்தில் நெடுநாள் இருந்துவிடலாம் என்பதையும் அது காட்டுகிறது.

தமிழகச் சட்டமன்றத்தில் பட்டியல் சாதியினருக்கு 44 தனித் தொகுதிகள் உள்ளன. அவற்றிலும் வெற்றியைத் தீர்மானிப்பது அதே கூட்டு வாக்காளர் முறைதான். ஆகவே இக்கேள்விகள் நமக்கும் உரியவை. இவற்றைக் கேட்கச் சட்டமே ஓர் இடத்தைத் தந்திருக்கிறது. வன்கொடுமைத் தடுப்பு விதிகள் 1995இன் 16ஆம் விதிப்படி, முதலமைச்சர் தலைமையிலான மாநில விழிகண் மற்றும் கண்காணிப்புக் குழு ஆண்டுக்கு இருமுறை கூட வேண்டும். பட்டியல் சாதி, பழங்குடிச் சட்டமன்ற உறுப்பினர்களும் நாடாளுமன்ற உறுப்பினர்களும் அதன் உறுப்பினர்கள். குழு இவ்வாண்டு இருமுறை கூடியதா, நம் உறுப்பினர் எந்த வழக்கை அங்கே எழுப்பினார், கூட்டப்படவில்லையெனில் யாரிடம் கேட்டார்? மேடையில் நீல நிறத் துண்டு அணிந்தாரா என்பதைவிட இவற்றுக்கான விடையே அவரை அளக்கும். அடுத்த முறை வாக்குக் கேட்டு வரும்போது இந்தக் கேள்விகளைக் கையில் வைத்திருப்போம்.